கரையாமல் கிடந்த லாம்ப்ரோஸ்

மவ்ரோலிதி என்ற மலையூரில் செத்தவர்களின் பெயரை வெறுமனே சொல்ல மாட்டார்கள். ஊற்றடியிலோ காப்பிக்கடையிலோ யாராவது ஒரு பழைய ஆளின் பெயரை எடுத்தால், மறுமூச்சு விடுவதற்குள் "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சேர்த்துவிடுவார்கள். ஆட்டுத் திருடனுக்கும் அது உண்டு, பெண்டாட்டியை அடித்தவனுக்கும் உண்டு. அர்கிரோவும் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறவள்தான். ஒரே ஒரு பெயருக்கு மட்டும் சொல்ல மாட்டாள். லாம்ப்ரோஸ் என்று சொல்லவேண்டி வந்தால், சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்தி, தாடைக்குக் கீழே தலைத்துணியின் முடிச்சை இறுக்கிக்கொள்வாள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அந்த இடைவெளியில் கொஞ்சம் இருமுவார்கள். பிறகு பேச்சு மழைக்கோ வெள்ளாட்டுக்கோ போய்விடும்.

"ஏன்டி, அந்த ரெண்டு வார்த்தைக்கு வரியா போட்டிருக்காங்க?" என்று அடுத்த வீட்டுத் தெஸ்போ ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"பல்லு வலிக்குது" என்றாள் அர்கிரோ.

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வெள்ளாட்டுக்குப் பின்னால் போனவள். ஊர் அவளைக் கூப்பிட்டது ஒரே ஒரு வேலைக்குத்தான். புதைத்து ஐந்து வருடம் ஆனதும் குழியைத் தோண்டி, எலும்பை எடுத்து, திராட்சை மதுவில் கழுவி, தகரப் பெட்டியில் அடுக்கிக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு வீட்டில் வைப்பது. வீட்டுப் பெண்கள்தான் தோண்டவேண்டும் என்பது முறை. ஆனால் மண்வெட்டி ஆழம் போகப் போகப் பெண்கள் பின்வாங்குவார்கள். அர்கிரோவுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது அவளுடைய அம்மாவின் குழியில் அப்படித்தான் எல்லாரும் மேலே நின்றுவிட்டார்கள். அவள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, விரல்களால் மண்ணை விலக்கி, மண்டையோட்டை இரண்டு கையாலும் தூக்கி மேலே நீட்டினாள். அன்றிலிருந்து எந்த வீட்டுக் குழியானாலும் அவளுக்கு ஆள் வந்தது. கூலி கிடையாது. ஒரு புதுக் கறுப்புத் தலைத்துணி, சர்க்கரையும் மாதுளையும் போட்ட அவித்த கோதுமை ஒரு தட்டு, ஒரு சின்னக் கோப்பை சாராயம்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவளுக்கு ரொட்டியைக் கையால் பிய்த்துக் கொடுத்ததில்லை. தட்டில் வைத்துத் தள்ளுவார்கள். பாலாடைக்கட்டி பிழியும் நாளில் "நீ உக்காரு அக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள். அர்கிரோ உட்கார்ந்துகொள்வாள். எலும்பைப் பார்த்து அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மனிதர்களைப் பார்த்துத்தான்.

குழியிலிருந்து எலும்பு எப்படி வருகிறது என்பதை வைத்து ஊர் ஆளை எடைபோடும். வெளுத்தோ மஞ்சள் பூத்தோ, சுத்தமாக, வாசனையில்லாமல் வந்தால் ஆள் கரைந்துவிட்டான், கடவுள் மன்னித்துவிட்டார். கறுத்து வந்தால் ஏதோ பாவம் மிச்சம் இருக்கிறது. கரையாமலே இருந்தால் யாரோ ஒருவர் இன்னும் மன்னிக்கவில்லை. எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். இடுகாட்டின் மேல்வரிசை மணல், கீழ்வரிசை களிமண் என்பதும், களிமண்ணில் இரண்டு வருடம் கூடப் பிடிக்கும் என்பதும், கம்பளி கரையும், நைலான் காலுறை கரையாது என்பதும் அர்கிரோவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், தன் புருஷன் தீமியோஸின் எலும்பு எலுமிச்சம்பூ மாதிரி வெளுத்து வந்த அன்று அவள் குழிக்குள்ளேயே மண்டியிட்டு, "மன்னிச்சிட்டாரு, மன்னிச்சிட்டாரு" என்று அழுதாள். அவன் மேல்வரிசையில்தான் கிடந்தான். மணலும் மன்னிப்பும் அவளுக்குள் ஒன்றோடொன்று சண்டை போட்டதே இல்லை.

தீமியோஸ் பால்வண்டி ஓட்டியவன். தளபதிகள் நாட்டைப் பிடித்த வருடம், அவனையும் ஊரிலும் பக்கத்து ஊரிலும் இன்னும் நாலு பேரையும் ஒரு விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு தீவில் வைத்துவிட்டார்கள். அவன் செய்த குற்றம், அதற்கு முந்தைய உள்நாட்டுப் போரில், மலைச் சண்டைக் காலத்தில், சுமந்த பழைய கட்சிப் பெயர். அப்போது ஊர்த் தலைவராக நியமிக்கப்பட்டவர் லாம்ப்ரோஸ். ஒன்பது மாதம் கழித்து அவர் அர்கிரோவின் வீட்டுக்கு ஒரு காகிதத்தோடு வந்தார். தட்டச்சில் அடித்துத் தயாராக இருந்த காகிதம். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"இதுல உன் புருஷன் ஒரு கையெழுத்து போட்டா செர்ரி பறிக்கிற நேரத்துக்கு வீட்ல இருப்பான்" என்றார்.

"அவர் போட மாட்டாரு, அண்ணே."

"நீ போய்ச் சொல்லு. நீ சொன்னா கேப்பான். கையெழுத்துங்கிறது வெறும் மைதானேம்மா. உள்ள என்ன இருக்குதோ அது அவனோடது. அதை யாரு தொடப்போறா? வெளியில எழுதிக் குடுத்துட்டு உள்ள வச்சுக்கட்டும்."

அர்கிரோவுக்குக் காகிதத்தைத் தடுமாறித்தான் படிக்கத் தெரியும். ஆனாலும் அது நியாயமாகத்தான் பட்டது. கப்பலில் ஒருநாள் பூராவும் வாந்தியெடுத்துக்கொண்டு போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, லாம்ப்ரோஸ் சொன்ன அதே வார்த்தைகளைப் புருஷனிடம் சொன்னாள். தீமியோஸ் ரொம்ப நேரம் அவளையே பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

அவன் ஊர் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் யாரும் கலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டு லாம்ப்ரோஸ் கோயில் நடுவில் வந்து நின்றார். தீமியோஸைப் பக்கத்தில் நிற்கவைத்து, காகிதத்தை உரக்கப் படித்தார். 'எனது முந்தைய கொள்கைகளையும் தோழர்களையும் நான் அருவருப்புடன் கைவிடுகிறேன், சபிக்கிறேன்.' காகிதத்துப் பாஷை. தீமியோஸ் பிறந்ததிலிருந்து அருவருப்பு என்ற வார்த்தையை வாயால் சொன்னவன் இல்லை. சாணியை மிதித்தால்கூட "சீ" என்பான், அவ்வளவுதான்.

அடுத்த வாரமே காப்பிக்கடையில் அவனுக்குப் பெயர் மாறிவிட்டது. "வாடா அருவருப்பு, உக்காரு. காப்பி கசக்குதா, கைவிட்டுர்றியா?" என்று ஒரு பக்கம் சிரித்தார்கள். கையெழுத்துப் போடாமல் மூன்று வருடம் தீவில் கிடந்த வாங்கேலிஸ், பிற்பாடு திரும்பி வந்ததும் அவன் காலடியில் துப்பினான். தீமியோஸ் காப்பிக்கடையை விட்டான். பிறகு கோயிலை விட்டான். பிறகு வீட்டிலும் பேச்சை விட்டான். சோறு போட்டால் சாப்பிட்டான். "ஏதாவது சொல்லுங்களேன்" என்று அர்கிரோ கெஞ்சினால், வாயைத் திறப்பான், மூடிக்கொள்வான். வேறு ஒருவனுடைய பல்செட்டை வாயில் வைத்திருப்பவன் மாதிரி இருந்தது அது. ஏழு வருடத்தில் செத்துப்போனான்.

அவனுடைய எலும்பு வெளுத்து வந்த அன்றுதான் ஊர் அந்தப் பட்டப்பெயரைக் கைவிட்டது. "பாவம், நல்ல மனுஷன்" என்றார்கள். அன்றைக்கு வந்த கோதுமைத் தட்டை அர்கிரோ கொண்டுபோய்க் கோழிகளுக்குக் கொட்டினாள்.

லாம்ப்ரோஸ் அதற்கு நாலு வருடம் கழித்து நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்தார். நகரத்து ஆட்கள் பெட்டியில் வைத்து, ஆணியடித்து, வளைவு வளைவாக ஏறும் மலைச்சாலையில் கொண்டுவந்தார்கள். ஊரில் ஒரு முறை உண்டு. வெளியூரிலிருந்து வரும் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் துழாவி, மண்ணோடு சேராத எதுவும் இருந்தால் எடுத்துவிட வேண்டும். துழாவுகிற கை அர்கிரோவின் கை. அன்றைக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டு கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள். கூப்பிட வந்தவர்களிடம் காய்ச்சல் என்றாள். லாம்ப்ரோஸின் முகத்தை மட்டும் திறந்து காட்டிவிட்டு அப்படியே இறக்கிவிட்டார்கள்.

ஐந்து வருடம் கழித்து விதவை பொலிக்செனி புதுத் தலைத்துணியோடு வந்தாள். எண்பதை நெருங்கிய கிழவி. ஒரு மனிதருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை. தீமியோஸ் தீவில் இருந்த குளிர்காலத்தில், புருஷனுக்குத் தெரியாமல் ஒரு ஜாடிப் பன்றிக்கொழுப்பைச் சுவருக்கு மேலே வைத்துவிட்டுப் போனவள்.

"நீ வரலேன்னா யாருடி இறங்குவா?" என்றாள்.

அர்கிரோ போனாள். பொலிக்செனிக்காக என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

இலையுதிர்காலத்துச் சனிக்கிழமை. ஊரில் நடமாடக்கூடிய எல்லாரும் வந்திருந்தார்கள். பாதிரியார் நெக்தாரியோஸ் வந்திருந்தார். லாம்ப்ரோஸின் மகன் பெரிக்லிஸ், பல்கலைக்கழகத்தில் தத்துவம் நடத்துகிறவன், நல்ல ஷூவை மண் படாமல் ஒரு கல்மேல் வைத்து நின்றான். அர்கிரோ மண்வெட்டியால் முதலில், பிறகு கரண்டியால், பிறகு கையால் தோண்டினாள். மண் நெகிழ்ந்து வரவேண்டிய ஆழத்தில் கை ஏதோ ஒன்றின்மேல் வழுக்கியது. வழுவழுவென்று, குளிர்ந்து, மீன் செதில் மாதிரி. விலக்கினாள். தடித்த நைலான் பை. மலைச்சாலையில் பெட்டியிலிருந்து எதுவும் சொட்டிவிடக்கூடாது என்று நகரத்து ஆட்கள் சுற்றியிருந்தார்கள். அதற்குள்ளே லாம்ப்ரோஸ் இருந்தார். கோட்டு இருந்தது. டை இருந்தது. முகம் இருந்த இடத்தில் மெழுகுவர்த்தி உருகி உறைந்த மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி. அதில் ஒரு பக்கத்து மீசை.

வாடை மேலே போனது. ஒருத்தி ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தாள். இன்னொருத்தி "கரையல!" என்று கத்தினாள். பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள். பொலிக்செனி தலைத்துணியைப் பிடுங்கியெறிந்து, குழியின் விளிம்பில் உட்கார்ந்து, "என்ன விட்டுட்டு எதுக்காக இன்னும் கெடக்குற? யாரு உன்னைப் பிடிச்சு வச்சிருக்கா?" என்று ஓலமிட்டாள்.

யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லாருடைய கண்ணும் குழிக்குள் இருந்தவள்மேல் வந்தது.

இப்படி நேர்ந்தால் செய்யவேண்டியதையும் ஊர் வைத்திருந்தது. ஒரு மண்குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவராக வந்து ஒரு கை தண்ணீரைக் குழியில் ஊற்றி, "நான் மன்னிச்சேன், கடவுளும் மன்னிக்கட்டும்" என்று சொல்லவேண்டும். கடைசி ஆள் சொல்லி முடித்ததும் மண்ணை மூடுவார்கள். பிறகு கரையும்.

அர்கிரோ மேலே ஏறி, கையைத் துடைத்துக்கொண்டு, ஓரமாக நின்று பார்த்தாள். வரிசை நகர்ந்தது. தீமியோஸின் காலடியில் துப்பிய வாங்கேலிஸ், மூன்று வருடம் தீவில் கல் சுமந்தவன், ஒரு கையில் சிகரெட்டோடு வந்து மறுகையால் ஊற்றினான். "நான் மன்னிச்சேன்." சாம்பலைத் தட்டிக்கொண்டே போனான். லாம்ப்ரோஸிடம் நிலத்தைப் பறிகொடுத்தவன் வந்தான். "நான் மன்னிச்சேன்." கடையில் சில்லறை கொடுத்து வாங்குகிற மாதிரி நடந்தது.

"நீயுமா?" என்று அர்கிரோ தெஸ்போவிடம் கேட்டாள்.

"எல்லாரும் சொல்றாங்கடி. எனக்கு அந்த மனுஷன்மேல என்ன இருக்கு? ஒரு தடவை என் கழுதையத் திட்டினாரு" என்றாள் தெஸ்போ. போய் ஊற்றிவிட்டு வந்தாள்.

குடத்தில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. பாதிரியார் அதைப் பார்த்தார், அர்கிரோவைப் பார்த்தார்.

"மகளே, மன்னிக்கிறது கிறிஸ்தவங்களோட கடமை."

"சாமி, அந்தக் காகிதத்தைப் படிக்கக் கோயில்ல இடம் குடுத்தது நீங்கதான?"

பாதிரியார் தன் அங்கியின் விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணைக் குனிந்து தட்ட ஆரம்பித்தார். பொலிக்செனி மண்ணில் நகர்ந்து வந்து அர்கிரோவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். "அர்கிரோ, என் கண்ணு, என்னால இன்னொரு அஞ்சு வருஷம் இருக்க முடியாதுடி. அவரை இப்படி விட்டுட்டு நான் எப்படிச் சாவேன்?"

கிழவிக்காகச் சொல்லிவிடலாம் என்று அர்கிரோவுக்கு ஒரு நிமிடம் பட்டது. இரண்டே வார்த்தை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். செத்தவனைக் கரையவிடாமல் பிடித்து வைத்திருக்கிறவள் என்று பேர் வரும். தட்டில் வைத்துத் தள்ளுகிற ரொட்டியும் நின்றுபோகும்.

பெரிக்லிஸ் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, அர்கிரோவை எலும்பு வீட்டுச் சுவர்ப்பக்கம் கூட்டிப்போனான். மூக்கில் கைக்குட்டை வைத்திருந்தான்.

"அத்தை, அது நைலான். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தெரியும்."

"பாவமும் இல்ல, சாபமும் இல்ல."

"இல்ல. நைலானுக்கு எதுக்கு மன்னிப்பு?"

அவன் கைக்குட்டைக்குள் சிரித்தான். "அது அம்மாவுக்கு. அவங்க நம்புறாங்க, அவங்க தூங்கணும், அவ்வளவுதான். வார்த்தைங்கிறது என்ன அத்தை, வாயிலேருந்து வர்ற காத்து. உள்ள நீங்க என்ன நெனைக்கிறீங்களோ அது உங்களோடது. அதை யாரும் தொட முடியாது. வெளியில சொல்லிடுங்க. உள்ள வச்சுக்குங்க."

குழிக்குள் நின்றபோது வராத குமட்டல் அப்போது வந்தது. மீசை அவனுக்கு இல்லை. ஆனால் அந்த வார்த்தைகள் வரும்போது உதடு ஒரு பக்கமாக இழுபட்டது அப்படியே லாம்ப்ரோஸ் மாதிரி இருந்தது. இவன் படித்தவன், இவனுக்கு அப்பாவைப் பிடிக்காது என்று ஊரே சொல்லும். எங்கேயிருந்து எடுத்தான் இதை? வீட்டுச் சாப்பாட்டோடு உள்ளே போயிருக்க வேண்டும்.

"உள்ளன்னா எங்க?" என்றாள்.

"என்ன அத்தை?"

"உள்ள, உள்ளங்கிறீயே. எங்க? நான் இந்தக் கையால நூறு மண்டைக்கு மேல கழுவியிருக்கேன். கண்ணோட்டைக்குள்ள விரலை விட்டு மண்ணைத் தோண்டி எடுத்திருக்கேன். மண்ணுதான் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரும் உள்ள வச்சுக்கிட்டாரே, அதையும் தேடிப் பாத்தேன். இல்லப்பா. அவர்கிட்ட இருந்ததெல்லாம் வெளியிலதான் இருந்துச்சு. காப்பிக்கடையில இருந்துச்சு, கோயில்ல இருந்துச்சு, என்னோட சாப்பாட்டு மேசையில இருந்துச்சு. வண்டியை நிறுத்திப் பாலு ஊத்தும்போது ஜனங்க ரெண்டு வார்த்தை பேசுவாங்களே, அதுல இருந்துச்சு. அதைத்தான எடுத்துக்கிட்டீங்க. எடுத்துக்கிட்டு, உள்ள வச்சுக்கோன்னீங்க. எதை வச்சுக்குவாரு?"

பெரிக்லிஸின் கை மூக்கிலிருந்து இறங்கியது. கண் பளபளத்தது. "அத்தை... ஒரு நிமிஷம். நான் வருஷக்கணக்கா வகுப்புல இதத்தான்... நீங்க சொன்னதை அப்படியே எழுதிக்கட்டுமா?" கோட்டுப்பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன நோட்டை எடுத்தான்.

"உங்கப்பா அங்க நாறிக்கிட்டுக் கெடக்குறாரு. நீ நோட்டு எடுக்குற."

அவன் காது சிவந்தது. நோட்டை உள்ளே வைத்தான்.

"அப்ப சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா மன்னிச்சதாயிடும்."

"அதுதான் அத்தை வேணும்."

"அதுதான் மாட்டேன்."

அவள் திரும்பி வந்தாள். எல்லாரும் வழிவிட்டார்கள், குடத்திடம் போகிறாள் என்று. அவள் குடத்தைத் தாண்டிக் குழிக்குள் இறங்கினாள். இடுப்பிலிருந்த திராட்சைக்கொடி வெட்டும் கத்தியால் நைலானைத் தலையிலிருந்து கால்வரை கிழித்தாள். உடம்புக்குக் கீழே கைவிட்டு, ஒரு பக்கமாகப் புரட்டி, உருவினாள். தடித்த மஞ்சள் நீர் முழங்கைவரை வழிந்தது. கோட்டின் பொத்தான்களை அறுத்தாள். டையை அவிழ்த்தாள். காலில் நைலான் காலுறை இருந்தது, அதையும் கழற்றினாள். எல்லாவற்றையும் சுருட்டி மேலே எறிந்தபோது ஊர் இரண்டடி பின்வாங்கியது.

"கரைவாரு. மூடுங்க" என்றாள்.

"தண்ணி ஊத்துடி!" என்று பொலிக்செனி கத்தினாள்.

"நைலான் பையை எடுத்துட்டேன் அக்கா. வேற என்கிட்ட ஒண்ணும் இல்ல."

ஊற்றில் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். புதுத் தலைத்துணியைப் பொலிக்செனியின் வேலிமேல் போட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பெண்கள் எப்படியோ சமாளித்து, பாதி எலும்பைக் குழியிலேயே விட்டுவிட்டு எடுத்தார்கள். ரொட்டியும் வரவில்லை. "பிடிச்சு வச்சிருக்கிறவ" என்று அவளுக்குப் பெயர் வந்தது. அது அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. அந்தப் பெயரில் குறைந்தபட்சம் அவள் செய்தது இருந்தது.

நான்காவது வருடம் பொலிக்செனி மறுபடி வந்தாள். கண் பார்வை போயிருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். "வேற யாரும் அந்தக் குழியைத் தொட மாட்டேங்குறாங்க" என்றாள். அர்கிரோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

லாம்ப்ரோஸ் சுத்தமாக வந்தார். மஞ்சள் பூத்து, ஒரு வாடை இல்லாமல், விரல் எலும்புவரை பிசகாமல். அர்கிரோ மண்டையோட்டைத் தூக்கி நீட்டியதும் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"அர்கிரோ மன்னிச்சிட்டா!" என்றது ஒரு குரல்.

"மன்னிச்சிட்டா, மன்னிச்சிட்டா" என்று பரவியது.

"நான் மன்னிக்கல. நைலான் பையைத்தான் கிழிச்சேன்" என்றாள் அர்கிரோ.

சிரித்தார்கள். "சொல்ல வெக்கப்படுறா" என்றாள் தெஸ்போ, பாசமாக. பொலிக்செனி தடவித் தடவி அவள் கையைக் கண்டுபிடித்து, மண்ணோடு முத்தம் கொடுத்தாள். "வெளியில சொல்லாட்டி என்னடி, என் தங்கம். உள்ளுக்குள்ள மன்னிச்சிட்ட. எனக்குத் தெரியும்."

அர்கிரோ பாதி கழுவிய மண்டையோட்டைக் கிழவியின் மடியில் வைத்தாள். கையை மண்ணிலேயே துடைத்தாள். வேலையை நடுவில் விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் மெழுகுவர்த்தித் தாங்கிப்பக்கம் நகர்ந்தபோது, பத்துப் பேருக்கு முன்னால் வாய் திறந்தறியாத அவள் நடுவில் வந்து நின்றாள். "நான் லாம்ப்ரோஸை மன்னிக்கல" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்ததால் மறுபடி சொன்னாள். தெஸ்போ ஓடிவந்து பாவாடையை இழுத்தாள். பாதிரியார், ரொம்ப வயதாகியிருந்தவர், அவள் தலையில் கைவைத்து, "சரிம்மா, சரி. எல்லாருக்கும் தெரியும்" என்றார். யாரோ ஒரு தட்டுக் கோதுமையைக் கையில் திணித்தார்கள். "பாவம், புருஷன் போனதுலேருந்தே கொஞ்சம் இப்படித்தான்" என்று ஒருத்தி சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது.

அன்றைக்கு முழுவதும் அவளுக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. சொன்னது சொன்னதுதான், உள்ளே வேறொன்று கிடையாது என்று அந்தப் பையனிடம் அவள்தான் பெரிதாகப் பேசினாள். பேசியது சரிதான் என்று இப்போதும் பட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வார்த்தையாக வேண்டுமானால் அதை வாங்கிக்கொள்ள எதிரே ஆள் வேண்டும். சொல்லாததை அவள் வாயில் வைத்து வாங்கிக்கொண்டார்கள். சொன்னதை வாங்க மாட்டேன் என்கிறார்கள். தீமியோஸ் வாயைத் திறந்து திறந்து மூடினானே, அது என்னவென்று அவளுக்கு அன்று புரிந்தது. புரிந்து ஒரு ஆறுதலும் இல்லை. வெந்நீர் வைத்து வாயைக் கொப்பளித்தாள்.

பெரிக்லிஸ் அடுத்த வருடம் ஒரு சிறு புத்தகம் அனுப்பினான். முப்பத்தோராம் பக்கத்தில் அவளைப் பற்றி இருப்பதாகக் கடிதம் சொன்னது. 'எங்கள் ஊரில் எலும்பு கழுவும் எழுத்தறிவற்ற பெண் ஒருத்தி' என்று ஆரம்பித்தது. அவள் பெயர் இல்லை. அவள் சொன்னது கொஞ்சம் இருந்தது, காகிதத்துப் பாஷையில். அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் எண்ணெய்ச் சட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதன் அடியில் வைக்க அந்தப் புத்தகம் சரியாக இருந்தது.

அர்கிரோவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. மவ்ரோலிதியில் குளிர்காலத்தில் நாற்பது பேர் இருக்கிறார்கள். பொலிக்செனி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊரில் அர்கிரோவுக்கு மரியாதை கூடியிருக்கிறது. பெரிய மனசுக்காரி என்று வெளியூர் மருமகள்களிடம் சொல்கிறார்கள், ரொட்டியைக் கையால் பிய்த்துக் கொடுக்கிறார்கள். அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறாள், சாப்பிடுவதில்லை. எலும்பு கழுவக் கீழ் ஊரிலிருந்து ஒரு ஆள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வருகிறான். அவள் லாம்ப்ரோஸை மன்னிக்கவில்லை.